மூடி வைத்த சோறு

நடந்தவை இவை:

1. அண்ணன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ஆப்பிரிக்கக் கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் அவன் கப்பலில் இல்லை என்று தெரிந்தது. உடல் கிடைக்கவில்லை.
2. அவன் இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போட அவன் மனைவி, என் மதினி, மறுத்தாள். பல மாதங்கள் மறுத்தாள்.
3. அண்ணன் பிறந்த நாளன்று அம்மா அவனுக்கு ஒரு தட்டில் சோறு வைத்தாள்.
4. மறுநாள் மதினி போய்க் கையெழுத்துப் போட்டாள்.
5. அன்று சாயங்காலமே அவள் எங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

நான் அவன் தங்கை. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் தளத்தில் கன்வேயர் பெல்ட்டுகளின் மின்சாரப் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெல்ட் நின்றுபோனால் முதலில் நடந்ததை வரிசையாக எழுதுவோம். எந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் பழுது இருக்கிறது என்று பிறகு தேடுவோம். மேலே உள்ள வரிசையில் பழுது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கிறது. அது விளங்க, மதினி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து சொல்ல வேண்டும்.

மதினி பிலிப்பைன்ஸ்காரி. அண்ணனின் கப்பல் ஒருமுறை பழுதுபார்ப்பதற்காகத் துபாயில் நின்றபோது, கையில் தீக்காயத்தோடு அவன் போன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். எங்களைப் போல அவளும் கத்தோலிக்கர். கல்யாணம் அவள் ஊர் மாதா கோவிலில் நடந்தது. தூத்துக்குடிக்கு அவளைக் கூட்டி வருகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை, இவளோடு என்ன பாஷையில் பேசுவது என்பதுதான். வந்த அன்று அம்மா வழக்கம்போல, "குசினியில மேசை மேல வைளா" என்று என்னிடம் சொன்னபோது, மதினி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். எங்கள் கரையில் வயதானவர்கள் அடுப்படியை இன்னும் குசினி என்றுதான் சொல்வார்கள். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல். அவள் ஊரிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான், ஸ்பானியர் விட்டுப்போனது. மேசையும் அப்படித்தான். குசினி, மேசை, காலில் போடும் சப்பாத்து என்று மூன்று சொற்கள் கையில் இருந்த தைரியத்தில் அவள் எங்கள் வீட்டில் குடித்தனம் தொடங்கினாள்.

எங்கள் சாப்பாட்டைப் பற்றி அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை மறைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. இட்லியை முதன்முதலில் பார்த்தபோது, "அரிசிய ஏன் அரைக்கீங்க? அரிசியாவே திங்கலாம்லா?" என்று பின்னாளில் அவள் தமிழில் கேட்டதை அன்று சைகையில் கேட்டாள். காலையில் அவளுக்குச் சோறுதான் வேண்டும். கூடவே பொரித்த கருவாடு. "கப்பல்ல வேல பாக்குதவன் சீமையில பொண்ணு எடுத்தான்னு ஊரே பேசுது. இவ என்னடான்னா பழையதுக்கும் நெத்திலிக் கருவாட்டுக்கும் அலையுதா" என்று அம்மா அலுத்துக்கொண்டாலும், பழைய சோற்றை ருசித்துத் தின்னும் ஒரு மருமகள் கிடைத்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். நானும் அண்ணனும் காலையில் பழையதைத் தொட மாட்டோம்.

சண்டை மீன் குழம்பில் வந்தது. மதினி மிளகாய் இல்லாமல், புளியும் கீரையும் போட்டுத் தண்ணீராக ஒரு மீன் சாறு வைப்பாள். அம்மா அதற்கு ஆஸ்பத்திரிக் குழம்பு என்று பெயர் வைத்தாள். மதினி அம்மாவின் குழம்பை ஒரு வாய் தின்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "மாமி, இதுல மீனு தேவையே இல்ல. இருந்தாலும் தெரியாது, இல்லன்னாலும் தெரியாது" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சட்டிகள் அடுப்பில் ஏறின. ஊர்ப் பெருமையான மக்ரூனை வாங்கிக் கொடுத்தால், முந்திரியில் செய்தது மக்ரூன் இல்லை, தேங்காயில் செய்வதுதான் மக்ரூன் என்று கடைக்காரரிடமே வாதாடினாள். மீன் விற்கிறவர் அவளைச் சீனாக்காரி என்று கூப்பிடுவார். "சீனா இல்ல அண்ணாச்சி, பிலிப்பைன்ஸ். உங்கள நான் சிலோன்காரர்னா சொல்லுதேன்?" என்பாள் அவள். அவர் எடை போட்ட பிறகு ஒரு சாளை மீனைக் கூடுதலாகப் போடுவார்.

அன்றாட வாழ்க்கை பற்றியும் குறைகள் இருந்தன. கொடியில் காயும் துணியில் நிலக்கரித் தூசி படிவது, பக்கத்து வீட்டார் கேட்காமல் உள்ளே வருவது, சம்பளத்தையும் மாதவிலக்கையும் ஒரே குரலில் விசாரிப்பது. ஆனால் ஒன்று சொல்வாள். அவள் ஊரிலும் ஆளைப் பார்த்ததும் முதலில் கேட்பது "சாப்டியா" என்றுதானாம். "துபாய்ல யாரும் அதக் கேக்கல ஏளா. இங்கன எறங்குன அன்னைக்கே மாமி கேட்டாங்க. அப்பவே இருந்துரலாம்னு நெனச்சேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். பிலிப்பைன்ஸில் அவளுக்கு அப்பா அம்மா இல்லை. புயலில் வீடு போன பிறகு தம்பி தன் குடும்பத்தோடு ஒற்றை அறையில் இருக்கிறான். அண்ணனுக்கும் அவளுக்கும் பிறந்த மகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். தூத்துக்குடிப் பேச்சைத் தவிர வேறு தெரியாது.

அண்ணன் காணாமல் போன செய்தியோடு, ஆட்களைக் கப்பலுக்கு அனுப்பும் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அமைதியாகப் பேசினார். தேடிப் பார்த்துவிட்டார்கள் என்றும், கடலில் விழுந்து இறந்ததாக மனைவி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் விசாரணையை முடித்து இறப்புச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்வார்கள் என்றும் சொன்னார். அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. மதினியைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல கையெழுத்துப் போடுதவ எம்மவனக் கொன்னவ. அவ இந்த வாசப்படிய மிதிக்கப்படாது." மதினி தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

இறந்தான் என்று யாரும் சொல்லாததால் எங்கள் வீட்டில் துஷ்டி என்கிற சாவுத் துக்கம் இல்லை. கோவிலில் அவனுக்காகப் பூசை சொல்லவில்லை. உறவுக்காரர்கள் சோறு கொண்டுவரவில்லை. பங்குச் சாமியார் வந்தால் வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போவார். அண்ணன் பெயரை எடுப்பதே கெடுதல் என்பதுபோல அம்மா அவனைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். மதினியும் நிறுத்தினாள்.

பிறகு மதினி இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி முடியும் நேரம் வந்தது. நான்தான் கூடப் போனேன். கணவரோடு வாழ்வதற்காகக் கொடுக்கப்பட்ட அனுமதி அது. நீட்டிக்க வேண்டுமானால் கணவர் வர வேண்டும், கணவர் இல்லையென்றால் இறந்ததற்குச் சான்று வேண்டும், அப்போது வேறு வழி பார்க்கலாம் என்றார் அதிகாரி. காணாமல் போனவருக்கு அவரிடம் வழி இல்லை. கொஞ்சம் கால அவகாசம் மட்டும் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது மதினி விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்: "கையெழுத்துப் போட்டா இந்த ஊர்ல இருக்கலாம், வீட்டுல இருக்க முடியாது. போடலன்னா வீட்டுல இருக்கலாம், ஊர்ல இருக்க முடியாது. நீ இன்ஜினியர்லா, ஒரு வழி சொல்லுளா." நான் இரவும் பகலும் யோசித்தேன். எந்தப் பக்கம் போனாலும் மற்றப் பக்கம் அடைத்துக்கொண்டது.

இந்த நிலையில்தான் அண்ணனின் பிறந்த நாள் வந்தது.

எங்கள் அப்பா நாட்டுப் படகில் மீன் பிடிக்கப் போனவர். கடலுக்குப் போனவர் எந்த நேரம் கரைக்கு வருவார் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் தெருப் பெண்கள் அவர் பங்கை முதலில் எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். அப்பா படகை விற்றுக் கரையோடு இருந்து, பிறகு நோயில் போய்ச் சேர்ந்ததும், அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. அண்ணன் கப்பல்காரன், போனால் மாதக்கணக்கில் வர மாட்டான், அவனுக்கென்று யாரும் மூடி வைத்ததில்லை. ஆகவே மதினி அதைப் பார்த்ததே கிடையாது.

பிறந்த நாளன்று அம்மா சீலா மீன் குழம்பும் கணவாய்ப் பொரியலும் வைத்தாள். எங்களுக்கு இலை போடுமுன் அண்ணனின் தட்டை எடுத்து, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, பொரியலில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி வைத்து, மேசையில் அவன் உட்காரும் இடத்தில் வைத்தாள். இன்னொரு தட்டால் மூடினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது என்னவென்று தெரியும். வருவான், வந்தால் பசியோடு வருவான் என்பதுதான் அது.

மதினி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களுக்கு மரியாதை செய்ய அவள் ஊரில் அப்படித்தான். அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அண்ணன் போன பிறகு இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான். அவள் மகளும் ஓடிவந்து இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். அன்று எல்லாரும் சாப்பிட்டோம்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, மேசையில் அண்ணனின் இடத்தில் அன்றைக்கும் அம்மா மூடி வைத்த தட்டு இருந்தது. ஆனால் மூடி அகற்றப்பட்டிருந்தது. தட்டுக்கு ஒரு பக்கம் அவன் விரும்பிக் குடிக்கும் காப்பி ஒரு தம்ளர், மறு பக்கம் அவன் படம், படத்துக்கு முன் எரியும் மெழுகுவர்த்தி. மதினி கறுப்பு உடுத்தி நின்றிருந்தாள். கோவிலிலிருந்து அப்போதுதான் திரும்பிய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் மாமி" என்றாள் மதினி. குரலில் பயமே இல்லை, நன்றிதான் இருந்தது. "நீங்க வாயால சொல்ல வேண்டாம். நேத்தே சொல்லிட்டீங்க."

அவள் ஊரில் வெறும் நாற்காலிக்கு முன் சோறு வைத்தால் அது இறந்தவருக்கு. உயிரோடிருப்பவர்கள் தின்பதற்கு முன் அவருக்கு ஒரு தட்டு. பிறந்த நாளிலும் கல்லறைத் திருநாளிலும் கட்டாயம். அம்மா தன் மகனின் சாவை ஏற்றுக்கொண்டு, அதைத் தன்னிடம் சொல்லும் விதம் அது என்று மதினி நினைத்திருந்தாள்.

அம்மா கத்தவில்லை. மெழுகுவர்த்தியை விரலால் அணைத்தாள். படத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். "இது துஷ்டி வீடு இல்ல. கறுப்பு கட்டுனவ இங்கன இருக்கப்படாது" என்றாள். நான் நடுவில் போய், அவள் ஊர்ப் பழக்கம் அது, தெரியாமல் செய்துவிட்டாள் என்று விளக்கினேன். "அவ ஊர்ல சோறு பொணத்துக்குத்தான் வைப்பாங்களா? பசிச்சவனுக்கு வைக்க மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள். மதினி அதற்குள் மகளின் புத்தகப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று அவர்களை, வேலைக்காகத் துறைமுகம் எனக்குக் கொடுத்திருந்த குடியிருப்புக்குக் கூட்டி வந்தேன். அம்மா அந்தத் தட்டை உயிரோடு திரும்பி வரப்போகிறவனுக்கு வைத்தாள் என்பதை அங்கே வைத்துத்தான் மதினியிடம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அவரு செத்துட்டாரான்னு எனக்குத் தெரியாது ஏளா. எனக்கு எப்பவுமே தெரியல. மாமிக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். பெத்தவங்கல்லா. அவங்களுக்குத் தெரியும்னுதான் போட்டேன்."

அதை அப்படியே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கட்டுனவளே கையெழுத்துப் போடாம இருக்காளே, அவளுக்கு என்னமோ தோணுதுன்னுதானே நான் சோறு வச்சேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

இருவரும் ஒருவர் நம்பிக்கையில் மற்றவர் சாய்ந்து நின்றிருக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகு சமாதானமாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆகவில்லை. மதினி கையெழுத்தைத் திரும்பப் பெற ஆளனுப்பும் அலுவலகத்துக்குப் போனாள். தாள் கப்பல் கம்பெனிக்குப் போய்விட்டது, விசாரணை முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். "தேடுறத நிப்பாட்டிட்டாங்களா?" என்று மட்டும் அம்மா என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு மதினியைப் பற்றிப் பேச வந்தால் எழுந்து போய்விடுகிறாள்.

ஒரு காலத்தில் எங்கள் அடுப்பில் இரண்டு சட்டிகள் கொதித்தன. இப்போது இரண்டு வீடுகளில் ஆளுக்கொரு சட்டி. மதினி என் குடியிருப்பில் மிளகாய் அரைத்து அம்மாவின் குழம்பை வைக்கப் பார்க்கிறாள். மகளுக்கு அதுதான் வேண்டுமாம். சரியாக வரவில்லை. தூக்குச் சட்டியில் கொஞ்சம் கொடுத்துவிடுகிறாள். அம்மா அதைத் திறப்பதில்லை. அங்கே போனால் அம்மாவிடமும், இங்கே வந்தால் மதினியிடமும், சாப்பிட்டாயா என்று கேட்பது நான்தான். இரண்டு பேரும் ஆமாம் என்கிறார்கள். இரண்டு பேரும் இளைத்துப் போயிருக்கிறார்கள்.

இன்றைய நிலை இது. மதினியும் மகளும் என்னோடு இருக்கிறார்கள். அம்மா தனியாக இருக்கிறாள். அதிகாரி கொடுத்த அவகாசம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் இறப்புச் சான்றிதழ் வந்தால் மதினி இங்கே தங்க மனுப்போடலாம். வராவிட்டால் புறப்பட வேண்டும், மகளை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சான்றிதழ் வரவே கூடாது என்று அம்மா காலைப் பூசைக்குப் போகிறாள். மதினி அதே கோவிலுக்குச் சாயங்காலம் போகிறாள். அவள் என்ன கேட்கிறாள் என்று நான் விசாரிக்கவில்லை. சான்றிதழ் இதுவரை வரவில்லை.