கரிப்பானையின் வெப்பம்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த ஆண்டு, ஐப்பசி அடைமழையில் காரைக்காலில் நடந்தது இது. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த நான், விடுமுறைக்குத் தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். இரும்போடு நிக்கல் கலந்த தகடுகளை உலையில் சிவக்கக் காய்ச்சி, அவை எவ்வளவு வெப்பத்தை வீசுகின்றன என்று அளப்பதுதான் என் வேலை. ஒரே சூட்டில் இருந்தாலும் பளபளப்பான தகடு கஞ்சத்தனமாகத்தான் வெப்பத்தை வெளியே விடும். கறுத்த தகடு வாரி வீசும். பெண்பிள்ளை உலைக்கு முன்னால் நிற்கிறாளே என்று அம்மாவுக்குத்தான் கவலை.

பக்கத்து வீட்டில் என் பள்ளித் தோழி பிரசவத்துக்காக வந்திருந்தாள். கணவருக்குச் சைகோனில் வியாபாரம். அன்று காலை, மாதம் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது. தெருவெல்லாம் வெள்ளம். டாக்டரை அழைக்கப் போனவர் திரும்பவில்லை.

நான் போனபோது, தோழியின் அம்மா முறத்தில் பஞ்சு பரப்பிக் குழந்தையைக் கிடத்தி, சுற்றிலும் வெந்நீர் நிரப்பிய பித்தளைப் பானைகளை வைத்திருந்தார்.

"காலு சில்லுன்னே இருக்கும்மா. அல்லாதான் காப்பாத்தணும்" என்று அழுதார்.

புளி போட்டுத் தேய்த்த பானைகள் தங்கமாய் மின்னின. அருகே கையை நீட்டிப் பார்த்தேன். உள்ளே கொதிநீர், என் கைக்கோ வெதுவெதுப்புகூட எட்டவில்லை.

வீட்டுக்கு ஓடி, எங்கள் அடுப்பில் கரியேறிக் கிடந்த பானைகளைத் தூக்கிவந்தேன். பிரசவம் பார்த்துவிட்டு அங்கேயே இருந்த மருத்துவச்சி மறித்தார்.

"பச்சப்புள்ள பக்கத்துல கரிப்பானையா? தள்ளி வைங்க!"

பாயில் கிடந்த தோழி மெல்லச் சொன்னாள்: "வைக்கட்டும் விடுங்க. அவ நெருப்போடயே பழகுறவ."

தகடுகளை அளந்திருக்கிறேனே தவிர, ஓர் உயிரோடு எனக்கு என்ன பழக்கம்? கரிப்பானைகளில் வெந்நீர் ஊற்றி நெருக்கி வைத்தேன். வெப்பம் சிதறாமல் திரும்பி வரட்டும் என்று, வெளிப்புறம் பளபளப்பான தாம்பாளங்களை நிறுத்தினேன். தண்ணீர் ஆற ஆற மாற்றினோம். நடுநடுவே தோழி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பிற்பகலில், குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்த தோழியின் அம்மா நிமிர்ந்தார். என் கையை இழுத்து அந்தப் பாதத்தின்மேல் வைத்தார். இளஞ்சூடு! சற்று நேரத்தில் குழந்தை பூனைக்குட்டிபோல அழுதது. மருத்துவச்சி சிரித்துக்கொண்டே பானையில் விரலைத் தேய்த்து, அதன் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள் வெள்ளம் வடிந்து டாக்டர் வந்தார். இனிப் பயமில்லை என்றார்.

பானைகள் காப்பாற்றினவா, தாயின் அணைப்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு உலையின் முன் உட்கார்ந்து எந்த அளவைக் குறித்தாலும், இது என்றோ யாருக்கோ வேண்டியிருக்கும் என்ற நினைப்பு வந்து, இன்னொரு முறை சரிபார்த்துவிட்டே எழுந்திருக்கிறேன்.