சலூன்காரரின் சொந்தக் கருத்து

நாற்காலியில் உட்கார்ந்தவர் எந்தக் கட்சியோ, முடி வெட்டி முடிக்கும்வரை சலூன்காரரும் அந்தக் கட்சி. "இவனுங்களை எல்லாம் விரட்டணும்ப்பா" என்று ஒருத்தர் சொன்னால் "அதுவும் சரிதான்" என்பார். அவர் எழுந்து போய் அடுத்தவர் உட்கார்ந்து, "இவங்களை விட்டா வேற யாரு இருக்கா?" என்றால் அதற்கும் "அதுவும் சரிதான்". ஊரே அவருக்கு "சரிதான்" என்று பேர் வைத்துவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியுமா, சொல்லுங்கள்? கையில் கத்தி, எதிரே இன்னொருத்தர் கழுத்து. அந்த நேரத்தில் வாதம் பண்ணினால் எவர் திரும்பி வருவார்?

வீட்டுக்கு வந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். "ஓட்டுப் போடறது நாம. ஜெயிச்ச உறுப்பினருங்க ஒரு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, அவங்களே ஒருத்தரை நகரத் தலைவராக்கிடறாங்க. யாருன்னு நமக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்தாத்தான் தெரியுது. இதெல்லாம் ஒரு நியாயமா?"

அவர் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டாள். "என் காது புளிச்சுப் போச்சு. வீட்ல புலி, கடையில பூனை."

அப்போதுதான் தேர்தல் முறையை மாற்றலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு குழு ஊருக்கு வந்தது. நூலகத்து மேல்மாடியில் கூட்டம், யார் வேண்டுமானாலும் பேசலாம். "போய் அங்க கத்துங்க. இல்லன்னா இனிமே இந்தப் பேச்சை வீட்ல எடுக்கக் கூடாது" என்று மனைவி ஒரே போடாகப் போட்டு, தானும் கூடவே கிளம்பினாள்.

போனால், மைக்கில் மரக்கடைக்காரர் நின்றுகொண்டிருக்கிறார். மரக்கடைக்காரர், அவர் பிள்ளைகள், பட்டறை ஆட்கள் என்று மொத்தக் கும்பலுக்கும் சலூன்காரர்தான் முடி வெட்டுகிறார். அவர் முறைத்துக்கொண்டு போனால் பாதிக் கடை போச்சு.

"இப்ப இருக்கற முறையே நல்லது. ஜனங்ககிட்ட நேரா விட்டா, மூஞ்சியைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவாங்க. கூட வேலை செய்யறவங்களுக்குத்தான் யாரு திறமைசாலின்னு தெரியும்" என்று முடித்துவிட்டு, "என்னப்பா, நான் சொல்றது?" என்று அடுத்துப் பேச நின்ற சலூன்காரரைப் பார்த்துக் கேட்டார்.

பழகிய வாய் சும்மா இருக்குமா? மைக் முன்னால் வந்து நின்றதும் அது தானாகவே சொல்லிவிட்டது: "அதுவும் சரிதான்."

குழுத் தலைவி நல்ல பொம்பளை. யார் பேசினாலும் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் பதிவு செய்தார். "அப்படின்னா முன்னாடி பேசினவர் கருத்தை நீங்களும் ஆதரிக்கிறீங்க. அப்படியே பதிஞ்சுக்கலாமா?"

அட, கிரகமே! வருஷக்கணக்காய் வீட்டில் தொண்டை கிழியக் கத்தியதற்கு நேர் எதிரானது அவர் பேரில் பதிவாகப் போகிறது. மரக்கடைக்காரர் பெருமையாய்த் தலையாட்டுகிறார். தலையை ஆட்டிவிட்டு இறங்கினால் கடை பிழைத்தது. பின் வரிசையில் மனைவி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க" என்றார் சலூன்காரர். அவர் குரலே அவருக்குப் புதுசாய் இருந்தது. "வாய் தவறிச் சொல்லிட்டேன். எனக்கு அந்த முறை பிடிக்கல."

"ஏன்னு சொல்லுங்க."

"என் கடைக்கு வர்றவர், தன் தலையை எப்படி வெட்டணும்னு தானே சொல்வாரு. அவர் சொந்தக்காரங்க எல்லாம் தனியா ஒரு ரூம்ல கூடி முடிவு பண்ணி, எனக்குச் சொல்லி அனுப்பறதில்ல. தலைவரையும் நாங்களே நேரா சொல்லிடறோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மரக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சலூன்காரர் படியிறங்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க மரக்கடைப் பக்கமிருந்து ஒரு தலையும் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மரக்கடைக்காரரே வந்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து துணியைக் கழுத்தில் தானே இழுத்துக் கட்டிக்கொண்டார். கத்திரி ஓடியது.

"சின்னப் புள்ளைக்கு எப்படி வெட்டணும்னு அப்பன்தானே சொல்றான்?" என்று திடீரென்று கேட்டார். ஒரு வாரமாய் யோசித்து வைத்திருப்பார் போல.

சலூன்காரர் வாயில் பழைய பதில் நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கினார். "நாம என்ன சின்னப் புள்ளைங்களாண்ணே?"

"சரி, மூஞ்சியைப் பார்த்து எவனாவது ஒரு தறுதலையைத் தலைவனாக்கிட்டா?"

"ரூமுக்குள்ள உக்காந்தவங்க மட்டும் தறுதலையைத் தேர்ந்தெடுத்ததே இல்லையா? நாம தேர்ந்தெடுத்தா அடுத்த தடவை நாமளே இறக்கிடலாம்."

"இறக்கிட்டுத்தான் மறுவேலை பார்ப்பீங்க! உனக்கு விவரம் பத்தாதுப்பா."

"உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்திண்ணே."

காத்திருந்தவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பிடரி முடித்து, காதோரம் முடித்து, துணியை உதறிய பிறகும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மரக்கடைக்காரர் வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"முடி வளர்ற வரைக்கும் எல்லாம் என்னால பொறுக்க முடியாது. நாளைக்குச் சவரத்துக்கு வரேன். பதில் யோசிச்சு வை."