ஐந்துக்கு ஐந்து போட்ட பிள்ளைகள்

சாத்தூரிலிருந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரி மேனேஜர் போன் செய்தபோது, நான் அந்த வருடத்து ‘மாணவர் திருப்தி அறிக்கை’க்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கி, அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சார், நீங்க வேலைக்கு அனுப்புன பிள்ளைக்கு பி.பி. பாக்கத் தெரியலை. பட்டைய எங்கன சுத்தணும்னு தெரியாம முழிக்குது. பெட்ஷீட் மட்டும் நல்லா விரிக்குது. ஒரு வருச டிரெய்னிங்னு சர்ட்டிபிகேட் குடுத்திருக்கீக. என்னத்தச் சொல்லிக் குடுத்தீக? நாலு நாள் பாத்தோம், நிப்பாட்டிட்டோம்.”

அந்தப் பிள்ளை முத்துமாரி. நாரணாபுரத்துக்காரி. பத்தாவதோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போய், இரண்டு வருடம் கழித்து, ‘இனி அந்த வேலைக்குப் போகமாட்டேன்’ என்று வீட்டில் சண்டை போட்டு எங்களிடம் படிக்க வந்தவள். ஒரு வருடம் பொறுத்துக்கொள்கிறோம், வேலை கிடைக்காவிட்டால் திரும்பக் கம்பெனிதான் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸுக்கு மேல்மாடியில் எங்கள் சமுதாயக் கல்லூரி நடந்தது. படிப்பு பாதியில் நின்றவர்களுக்கு ஓராண்டுத் தொழிற்படிப்பு. நான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. அட்மிஷன், வருகைப் பதிவு, அறிக்கை, குழாய் ரிப்பேர் எல்லாம் நானே. அதில் எனக்குப் பிடித்த வேலை திருப்திப் படிவம். பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். எக்ஸெல்லில் ஏற்றி, கலர் கலராகக் கட்டங்கள் போட்டு, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன்.

போனை வைத்துவிட்டு நர்சிங் உதவியாளர் வகுப்பின் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். ‘மருத்துவமனைப் பயிற்சி எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்கு அத்தனை பேரும் ஐந்து. முத்துமாரியும் ஐந்து. பயிற்சி டைரியில், நாங்கள் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பிய ஆஸ்பத்திரிக்காரர்கள் தினமும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்தைப் பார்த்தேனே தவிர, ஒருநாள் கூட அந்த வார்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போக எனக்குப் பத்து நாளாயிற்று. வேலை என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்ன முகத்தோடு போவது என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அவள் நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் அலுமினியத் தூள் இருந்தது. கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள்.

“வாங்க சார், உக்காருங்க” என்றாள், கையைப் பின்னால் வைத்துக்கொண்டு.

“பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரில மூணு மாசம் என்னம்மா செஞ்சீக?”

“கூட்டுனோம், தொடச்சோம், பெட்ஷீட் மாத்துனோம். பேசண்ட்டைத் தொட விடமாட்டாக சார். பி.பி. மிஷினை நர்சக்கா பூட்டி வச்சிருவாக.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்புறம் எதுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்ட? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவுகள உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேனே!”

அவள் தயங்கித்தான் சொன்னாள். “கம்பெனிக்கு ஆபீசர் வாறன்னைக்கு போர்மேன் எங்கள நிப்பாட்டிச் சொல்லுவாரு சார். என்ன கேட்டாலும் நல்லாருக்குன்னு சொல்லுங்க, குறை சொன்னா சீல் வச்சிருவாக, அம்புட்டுப் பேருக்கும் வேலை போயிரும்னு. நீங்களும் பேப்பர் குடுக்கையில அப்படித்தான சார் சொன்னீக?”

“நானா?”

“மேல இருந்து பாப்பாக, கோர்ஸ் தொடரணும்னா நல்லபடியா எழுதிக் குடுங்கன்னு சொன்னீக. நாங்க பேசிக்கிட்டோம். நமக்குப் படிப்பு முடிஞ்சிருச்சு. கோர்ஸை மூடிட்டா அடுத்து வாற பிள்ளைக எங்கன போவாக?”

சொல்லியிருந்தேன். வகுப்பில் நடந்துகொண்டே சிரித்தபடி சொன்னது நினைவுக்கு வந்தது. படிவத்தின் தலையில் பெயரும் பதிவு எண்ணும் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றாக நானே கையில் வாங்கிப் பார்த்து அடுக்கியதும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

பையில் இருந்த இரண்டு படிவங்களின் பின்பக்கத்தைத் திருப்பினேன். “இப்பச் சொல்லும்மா. ஒண்ணு விடாம எழுதிக்கிறேன்” என்றேன். அவள் சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் நிறைந்தது. மடித்து வைக்கும்போது கேட்டாள்: “இதப் படிச்சிட்டு காலேஜை மூடிற மாட்டாகள்ல சார்?”

பைண்டிங் போட்ட அறிக்கையை நான் அனுப்பவில்லை. அந்த இரண்டு பக்கத்தை டைப் செய்து, நல்லபடியாக எழுதச் சொன்னது நான்தான் என்று அடியில் சேர்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. படிப்பையும் மூடவில்லை. ஒரே வாரத்தில் பயிற்சிக்கு வேறு ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்து கடிதம் வந்தது. அவ்வளவு லேசான காரியம். முத்துமாரி படித்தபோதே நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

புது ஆஸ்பத்திரியில் மறுபடி பயிற்சி எடு, நான் பேசி வைத்திருக்கிறேன் என்று அவளிடம் போய்ச் சொன்னேன். “சீசன் லோடு போயிட்டு இருக்கு சார், தீவாளி கழியட்டும்” என்றாள். தீபாவளி கழிந்தது. மறுபடியும் போனேன். “வீட்டுல விடமாட்டேங்காக சார்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடத்திலிருந்து படிவத்தில் பெயர் கிடையாது. கொடுத்துவிட்டு நான் கீழே பிரஸ்ஸுக்கு இறங்கிப் போய்விடுவேன். மாதம் ஒருமுறை வகுப்பில் உட்கார்ந்து என் கையை நீட்டுவேன், பிள்ளைகள் பி.பி. பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தால், அந்தப் பிள்ளைகள் யாரையோ காப்பாற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அவர்கள் எங்களைக் காப்பாற்றினார்கள். முத்துமாரியை நான் காப்பாற்றவில்லை.