ட்ராகனைக் கொன்றவனின் வீடு யார் பெயரில்?

மெல்பேர்னில் ஆட்கள் வீட்டில் கதிரை நிறைய இருந்தும் நூலகத்துக்கு வந்து வட்டமாக அமர்ந்து, எல்லாரும் ஏற்கெனவே வாசித்த புத்தகத்தைப் பற்றிக் கதைப்பார்கள். தேநீரோடு ஆளுக்கொரு பிஸ்கட் உண்டு. இரண்டாவதை எடுத்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இந்த மாதம் ஒரு பழைய மாயாஜால சாகச நாவல். பள்ளிக்கூடக் காலத்தில் நான் தமிழில் வாசித்ததுதான், ஆகவே துணிந்து போனேன்.

கதை இதுதான்: தனிக்கட்டை ஒருவன் வீட்டைப் பூட்டிவிட்டு, மலை தாண்டிப் போய் ட்ராகனைக் கொன்று, வருடங்கள் கழித்து வந்து தன் கட்டிலில் படுக்கிறான். இலங்கையில், எங்கள் ஊர் மருதமுனையில் இருந்து வாசித்தபோது ட்ராகனை நம்பினேன், பேசும் மரத்தையும் நம்பினேன். வீட்டைத்தான் நம்ப முடியவில்லை. கலியாணம் முடிக்காத ஆம்பிளைக்குச் சொந்த வீடா? எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவின் வீடு மூத்தவள் ராத்தாவுக்குப் போகும், நான் பெண்சாதி வீட்டுக்குப் போவேன். அந்த வீட்டுக்காரச் சகோதரி எங்கேயாவது வருவாள் என்று கடைசிப் பக்கம்வரை அவளைத் தேடினேன்.

அந்த வீடு யாருடையது என்று வட்டத்திலும் கேட்டேன். வட்டத்தை நடத்தும் மார்கரெட் கண்கலங்கி, வீடு என்பது ஒரு மனநிலை என்றார். நான் கேட்டது காணி உறுதியை, அது யார் பெயரில் எழுதியிருக்கிறது என்பதை என்று விளக்கினேன். அட அல்லாஹ்வே, அதையும் ஆழமான கருத்து என்று பாராட்டி, இரண்டாவது பிஸ்கட்டை அவரே நீட்டினார்.

நான் பகிடிக்குக் கேட்கவில்லை. ஊரில் எங்களுக்கென்று இருப்பது என் மனைவி பரீதாவுக்குச் சீதனமாக வந்த வீடு. இப்போது அவளுடைய தங்கை குடும்பம் அதில் இருக்கிறது. தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், வீடில்லாமல் பேச்சு நகராது. அதை எழுதித் தர முடியுமா என்று தங்கை கேட்டிருந்தாள். வேலையை விட்டதும் ஊருக்குப் போய் அந்த முற்றத்தில் கதிரை போட்டு இருப்பதுதான் நான் இங்கே வந்த நாளிலிருந்து கட்டிய மனக்கோட்டை.

"எழுதிக் குடுத்தா நாம எங்க போய் இரிக்கிற?" என்று பரீதாவிடம் கேட்டேன்.

"வீடு குமர்ப்புள்ளைக்குத்தானே. நமக்குக் குமர் இல்ல, ஒரு மகன்தான். நாம போனா ஒரு அறை தருவாங்க," என்றாள்.

என் பெயரில் இல்லாத வீட்டுக்கு நான் என்னத்தைச் சொல்ல? ஓம், எழுதிக் குடுப்பம் என்றேன்.

அடுத்த நாளே மச்சி, பரீதாவின் அந்தத் தங்கை, எனக்குப் போன் எடுத்தாள். அழுதாள், எங்களுக்காகத் துஆக் கேட்டாள், கலியாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"வந்தா எப்ப மச்சான் திரும்பிப் போவீங்க? அந்த அறையப் புதுமாப்பிளைக்கு ஒழுங்காக்கணும்."

சொல்லுறன் என்று போனை வைத்தேன். நாவலின் கடைசிப் பக்கத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். அவன் வாசலில் நிற்கிறான். அயலவர்கள் ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறார்கள், சாப்பாடு கொண்டு வருகிறார்கள், காயத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். எப்போது திரும்பிப் போகிறாய் என்று ஒருவர்கூட அவனிடம் கேட்கவில்லை.