மரியதாசின் ஐந்தாம் கம்பி

உலகக் கிண்ணத்தின் கடைசி ஆட்டத்தில் இத்தாலி பெனால்டியில் தோற்று, நாங்கள் பிழைக்க வந்த பலெர்மோ நகரமே வாய்மூடிக் கிடந்ததற்கும், ஆமி வருகுதென்று யாழ்ப்பாணம் ஊரோடு எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்ததற்கும் இடையில் ஒரு வருஷம் இருந்தது. மரியதாசை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்பது அந்த ஒரு வருஷம்தான்.

போன கிழமை அவனுடைய மகள் படியேறி வந்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது, போனில் வரும் செய்தி எதுவும் என்னிடம் வந்து சேராது என்பது அவளுக்குத் தெரியும். வாசலில் நின்றபடி, "பெரியப்பா, அப்பா விடியக்காலமை போயிட்டார்" என்றாள். பிறகு, "நீங்கள்தான் சொல்லவேணும், நான் எழுதுறன்" என்றாள். இதை நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். அழுகிற இடங்களில் நிறுத்திக்கொள்கிறோம்.

நம் ஆட்களில் அவனை அறியாதவர்கள் குறைவு. பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்தவன். ஒரு சின்யோராவின், இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் வேலை. அவருடைய மகன் வடக்கே வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன பேஸ் கிட்டார் ஒன்று அந்த வீட்டு அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. "உனக்குத்தான் கை துடிக்கிறதே, எடுத்துக்கொண்டு போ" என்று சின்யோரா கொடுத்துவிட்டார். அதுவரை நாங்கள் கண்ட பேஸ் கிட்டார்களில் நாலு கம்பி. இதில் ஐந்து. ஐந்தாவது, எல்லாவற்றிலும் மொத்தமானது, என் சுண்டுவிரலில் பாதி வரும். சாதாரணக் கம்பியில் மேற்சுற்று உருண்டையாக இருக்கும், விரல் ஓடினால் கீச்சிடும். இதில் சுற்று தட்டையான நாடா. தடவினால் கண்ணாடி. தட்டினால் பெரிய மரக்கதவு மூடியதுபோல ஒரு சத்தம். மரியதாஸ் அந்தச் சத்தத்தில் விழுந்துபோனான்.

எங்கள் பாட்டுக்குழு அல்பெர்கேரியாப் பகுதியில், கோவிலுக்குக் கீழே உள்ள அறையில் கூடும். மரியதாசின் மனைவி ரோசலின் பாடுவாள். சவரிமுத்து ஆர்மோனியம். நான் டோலக். அந்த வருஷம் ஆவணி மாதா திருநாளுக்கு, கீழறையில் இல்லாமல் மேலே, பீடத்துக்குப் பக்கத்தில், இத்தாலியர்களின் பெரிய பூசையிலேயே தமிழ்ப் பாட்டுப் பாடலாம் என்று சுவாமியார் சம்மதித்திருந்தார். கோவில் ஓர்கன் வாசிக்கும் சின்யோரா பினாவும் கூட வாசிப்பதாக ஏற்பாடு. இந்த ஊரில் எங்களைப் பின்வாசலால் மட்டும் கண்டவர்கள் முன்னால் நின்று வாசிக்கப் போகிறோம். யாருக்கும் நெஞ்சு கொள்ளவில்லை.

ஆனால் பேஸ் சேரவில்லை. கீழே, கம்பியைச் சும்மா விட்டு மீட்டினால் சரியாக இருக்கும். அவன் கை கிட்டாரின் கழுத்தில் ஏற ஏற, சத்தம் சுருதியை விட்டு மேலே விலகும். ரோசலின் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவள். அவளுடைய ஸ அந்தக் கம்பியில் நன்றாக மேலேதான் வரும். அங்கே போனதும் இரண்டும் ஒன்றையொன்று உரசும்.

கம்பியில்தான் பிழை என்றான் மரியதாஸ். சவரியிடம் சுருதி பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. கம்பியைச் சும்மா மீட்டச் சொன்னான். பச்சை எரிந்தது.

"கம்பி சரி," என்றான் சவரி. "மெஷினுக்குப் பக்கத்திலை ஷெல் விழேல்லை, மரியதாஸ்."

ஊரில் மரியதாசின் வீட்டு வளவில் ஷெல் குண்டு விழுந்து, அவனுக்கு இடது காதில் மாதக்கணக்காக மணி அடித்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப மற்றக் கம்பியிலை அதே சத்தத்தை வாசியன்," என்றேன் நான்.

"அண்ணை, அதிலை வாசிக்கலாம். இதிலைதான் நிக்கலாம்," என்றான்.

ரோசலின் அவனுடைய தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சரப்பா, இந்தமுறை நீங்கள் வாசிக்காமல் விடுங்கோவன். திருநாள் முடியட்டும்."

அவன் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்தான். கோபமாக வைக்கவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. மனைவிக்கே தன் காதில் நம்பிக்கை இல்லை என்றானதும் அவனுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டுவேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் விடுமுறை. அந்த வியாழன் கிட்டாரோடு என் அறைக்கு வந்தான். "யாக்கோப்பண்ணை, கண்ணை மூடுங்கோ" என்றான். மூடினேன். கம்பியின் நட்டநடுவில் விரலை அழுத்தாமல் பட்டும் படாமலும் வைத்து ஒருதரம் மீட்டினான். பிறகு அதே இடத்தில் அழுத்திப் பிடித்து மீட்டினான். இரண்டும் ஒரே சத்தமாக இருக்கவேண்டிய இடம்.

"எது உயரம்?"

"ரெண்டாவது."

"திரும்பக் கேளுங்கோ."

"எத்தினைதரம் கேட்டாலும் ரெண்டாவதுதானடா உயரம். எனக்கே கேக்குது."

அவன் கட்டிலில் சாய்ந்து கூரையைப் பார்த்துச் சிரித்தான். "அப்ப காது இருக்கு அண்ணை," என்றான். அன்று அவன் சிரித்த சிரிப்புக்கு நான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை சவரியின் மெஷினை வாங்கி, கம்பியை நடுவில் அழுத்தி மீட்டினான். சிவப்பு எரிந்தது. ரோசலின் எழுந்து போய் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சவரி நல்ல மனிதன், மழுப்பவில்லை. "நான் மெஷினிட்டை ஓரிடத்திலைதான் கேட்டனான். மற்ற இடத்திலையும் கேட்டிருக்கவேணும்," என்றான். மரியதாஸ் அதைப் பிடித்துக்கொண்டு குத்திக்காட்டவே இல்லை. "வாங்கோ, இதைப் பிடியுங்கோ" என்று கிட்டாரின் அடிப்பக்கத்தைச் சவரியின் மடியில் வைத்தான்.

அந்தக் கம்பி விறைப்பானது. அழுத்தினால் வளையப் பஞ்சிப்பட்டு முரண்டுபிடிக்கும், சத்தம் மேலே ஏறிவிடும். அதற்காகக் கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டவேண்டும். கம்பி உட்காரும் சிறிய இரும்புத் துண்டைத் திருகாணியால் பின்னுக்கு இழுத்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த சுருள்வில் நசுங்கி, இனி இடமில்லை என்றது. மரியதாஸ் வில்லைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டு, துண்டைக் கடைசிவரை இழுத்தான். அப்போதும் மயிரிழை அளவு மிச்சம் இருந்தது.

"ரோசலின், ஸ பிடி," என்றான்.

அவள் பிடித்தாள். கழுத்தில் அவளுடைய ஸ வருகிற இடத்தில் அழுத்தி மீட்டி, முறுக்காணியை மெல்ல மெல்ல இளக்கினான். உரசல் மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போயிற்று. பிறகு சவரி கம்பியைச் சும்மா மீட்டிப் பார்த்தான். மெஷின் சிவப்பைக் காட்டியது.

"கீழை பிழைக்குதே."

"கீழை நான் போகமாட்டன். சிவப்பு எரியட்டும் சவரி. அவள் நிக்கிற இடத்திலை நான் நிக்கவேணும்."

ரோசலின் திரும்பி வந்து, "உங்களுக்கு ஒரு காதே காணும், மற்றது எதுக்கு," என்று அவனுடைய இடது காதைப் பிடித்து முறுக்கினாள். எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

திருநாளன்று கோவில் நிறைந்திருந்தது. சைவர்களான மொரீசியஸ் தமிழர்களும் வந்து பின்வரிசையில் நின்றார்கள். ஓர்கன் தொடங்கியது, ரோசலின் எடுத்தாள், அவளுக்குக் கீழே மரியதாஸ் போய் நின்றான். கல்தரை வழியாக அந்தச் சத்தம் என் உள்ளங்காலில் ஏறியது. டோலக் அடிக்க மறந்து ஒரு தாளம் விட்டேன். பூசை முடிந்ததும் சின்யோரா பினா படியிறங்கி வந்து, கிட்டாரின் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்து, "எங்கள் மார்கழி நத்தார் பூசைக்கும் வருவாயா?" என்று கேட்டார். போனான். கை நடுங்கத் தொடங்கும்வரை எல்லா நத்தாருக்கும் போனான். பலெர்மோவின் நடுவில், ஓர்கனுக்குக் கீழே நின்றது எங்கள் மரியதாஸ்.

அன்று அவன் கழற்றிப் போட்ட சுருள்வில்லை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. என் செபமாலையில் சிலுவைக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. அவனைப் புதைத்த அன்று விரலுக்குள் பிடித்திருந்தேன்.

சவரி முதலில் போனான். ரோசலின் பிறகு. சின்யோரா பினாவும் இல்லை. இப்போது மரியதாஸ். அந்தச் சத்தம் எப்படி நின்றது என்று பக்கத்தில் நின்றவனிடமே கேட்க விரும்புகிறவர்கள் இனி ஒரு வீட்டுக்குத்தான் படியேறவேண்டும். கதவில் பெயர் ஒட்டியிருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. யாக்கோப்பு என்று எழுதியிருப்பதாகப் பிள்ளை சொல்கிறாள்.