முதலில் பாயை இறக்கியவர்

திண்டிவனம் சந்தையில் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்த நேரம் பேரன் போன் செய்தான். "ஆயா, கன்னியப்பத் தாத்தா பூட்டாரு. விழுப்புரம் ஆஸ்பத்திரியிலருந்து எடுத்துக்கினு வர்றாங்க." கூடையை மூடிக்கொண்டு குப்பத்துக்கு பஸ் ஏறினேன்.

குப்பத்து ஜனங்களே, காரியத்துக்கு வந்திருந்த உங்களில் பாதிப் பேர் அவரை 'பாயிறக்கி' என்று கூப்பிட்டவர்கள்தான். மேகம் கொஞ்சம் கருத்தால் போதும், கட்டுமரத்தின் பாயை முதலில் இறக்குகிறவர் அவர். "இன்னாண்ணே, கொசு பறந்துச்சா?" என்று பெண்களே கேட்போம். "ஆமாம்மா, பெரிய கொசு" என்பார்.

என் வீட்டுக்காரர் அவரோடு ஒரே மரத்தில் தொழிலுக்குப் போனவர். எனக்குக் கல்யாணமான வருஷம் ஒரு மத்தியானம் தெற்கே கருத்து, காற்று திரும்பியது. பெண்கள் கரைக்கு ஓடினோம். அத்தனை தூரத்தில் ஆள் தெரியாது, பாய்தான் தெரியும். அதிலுள்ள ஒட்டுத் துணியை வைத்து யார் மரம் என்று சொல்லிவிடுவோம். எங்கள் பாயில் நீல ஒட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது. இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

நான் ஒப்பாரி வைக்கத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு செல்லக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுது தோ நிக்குது பாரு. உன்னுதும் வரும், அழுவாத." அவள் வீட்டுப் பாய் நன்றாகவே தெரிந்தது.

பொழுது சாய, பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு எங்கள் ஆட்கள் இருவரும் துடுப்புப் போட்டே கரை சேர்ந்தார்கள். செல்லக்கா வீட்டுக்காரர் வரவில்லை. விரித்த பாயோடு கவிழ்ந்த அவருடைய மரம் மறுநாள் ஒதுங்கியது.

கன்னியப்பண்ணன் என்னிடம் சொன்னார்: "பாயி தெரியலன்னா பயப்படு தங்கச்சி. வேணான்னு சொல்ல மாட்டேன். நானே பயந்துதான் எறக்கினேன். ஆனா ஒப்பாரி வெக்காத."

அதன் பிறகும் ஆண்கள் கேலியை விடவில்லை. பெண்கள் விட்டுவிட்டோம்.

இப்போது பாய் போய் இன்ஜின் வந்துவிட்டது. என் பேரனிடம் சொந்த போட்டு இருக்கிறது. குப்பத்தில் அவனைப் போல வலை போட ஆளில்லை, அதை எங்கேயும் சொல்வேன். ஆனால் கடலுக்குள் போனால் அவன் போன் கிடைக்காது. அப்போதெல்லாம் நீல ஒட்டு மறைந்த இடம்தான் கண்ணில் நிற்கும். "மேகத்தக் கண்டா திரும்பிடுடா" என்றால், "நீயும் பாயிறக்கியா ஆயா?" என்று சிரிக்கிறான்.

இதை எழுதும்போதும் அவன் கடலில்தான் இருக்கிறான். தெற்கே கருத்திருக்கிறது. போன் கிடைக்கவில்லை. நானோ மறுபடி கூடையோடு சந்தைக்கு வந்திருக்கிறேன், திண்டிவனத்திலிருந்து கடலும் தெரியாது. கன்னியப்பண்ணன் எனக்கு விட்டுப்போன பயத்தைப் பிடித்துக்கொண்டு, அழாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதில் பாதியாவது இந்நேரம் அங்கே அவனுக்கு வந்திருக்க வேண்டும்.