எழில்மொழி இங்கிலீஷில் கோபப்படாமல் இருந்த கதை

இளையபெருமாள் மகள் எழில்மொழிக்குக் கோபம் வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குச் சுருள் முடி வாய்ப்பதுபோல அவளுக்கு இது வாய்த்தது. ஆறாம் வகுப்பில் சத்துணவு முட்டை அழுகியிருந்ததென்று, அதைத் தட்டோடு கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேசைமேல் வைத்து, "நீங்க சாப்பிடுங்க சார், நான் பாக்குறேன்" என்றவள். பொறியியல் படித்து முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பொருத்தும் கம்பெனிக்குப் போனாள். அங்கே பெண்கள் கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தைக் குறித்துவைத்த சூப்பர்வைசரிடம், "உங்க வீட்டுலயும் கடிகாரம் மாட்டித்தான் உக்காருவீங்களா?" என்று கேட்டாள். அன்றே வேலையை உதறிவிட்டு, அடுத்த நாள் காலை பெட்டியோடு நீடாமங்கலம் ஸ்டேஷனில் இறங்கினாள்.

இந்தக் கோபமெல்லாம் நியாயமானது என்பதுதான் அவளுடைய துரதிர்ஷ்டம். நியாயமில்லாமல் கோபப்படுகிறவர்களுக்கு நாட்டில் நல்ல நல்ல பதவிகள் இருக்கின்றன.

ஊருக்குத் திரும்பியபின் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: "கம்யூனிகேஷன் பத்தாதும்மா." அவளைப் பற்றி ஊரில் யாரும் சொல்லத் துணியாத புகார் இது. அவள் வாய் திறந்தால் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நிற்பவருக்கும் விளங்கும். ஆனால் அது தமிழில். சம்பளம் இங்கிலீஷில் இருந்தது.

"ஆடி பொறக்கறதுக்குள்ள பக்கத்துல ஒரு வேலை கெடைக்கலன்னா, திரும்ப அந்த செல்போன் கம்பெனிக்கே போயிடு. கூப்புட்டுக்கிட்டேதானே இருக்காங்க" என்றாள் அம்மா தங்கம்மாள். கழிப்பறைக் கடிகாரம் எழில்மொழியின் கண்முன் வந்து நின்று டிக்டிக்கென்றது. இங்கிலீஷ் கற்பது என்று முடிவு செய்தாள்.

தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், இன்டர்வியூ இங்கிலீஷ் வகுப்பு நடத்திவந்தார் தமிழரசன் சார். ஆனி மாத வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். காற்றாடி அவர் தலைக்கு மேல் சுற்றும், வேர்வை அவர் காதோரம் இறங்கும், அவர் சிரித்துக்கொண்டே இருப்பார்.

"மொதல்ல சிரிக்கணும். வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி பல்லு தெரியணும். எழில்மொழி, இது என்ன சிரிப்பு? கடிக்க வர்ற மாதிரி இருக்கு."

"இதுதான் சார் வருது."

"பழகிக்கலாம். அடுத்தது, இங்கிலீஷ்ல கெட்ட வார்த்தைன்னு சில இருக்கு. 'பிராப்ளம்' கெட்ட வார்த்தை. 'சேலஞ்ச்'னு சொல்லணும். 'ஃபெயிலியர்' ரொம்பக் கெட்ட வார்த்தை. அது பேரு 'லேர்னிங்'."

எழில்மொழி எழுந்து நின்றாள். "அப்ப போன வருஷம் எங்க வயல்ல வெளைஞ்சது லேர்னிங்கா சார்? ரெண்டு ஏக்கர் லேர்னிங்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. போன குறுவைக்கு அப்பா வாங்கிய விதையில் வேறொரு ரகமும் கலந்திருந்தது. வயலில் பாதி கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றபோது, மீதிப் பாதி பச்சைப் பசேலென்று பொட்டி கட்டிக் கதிரைச் சூல்கொள்ளக்கூட மனமில்லாமல் நின்றது. அறுவடை எந்திரக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, ஒரு பக்கம் பொங்கலு, ஒரு பக்கம் ஆடிப்பெருக்கு" என்று சொல்லிவிட்டு எந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு மழை வந்து, இரண்டு பண்டிகையையும் சேர்த்துக் கொண்டாடிவிட்டுப் போனது.

அன்றிலிருந்து இளையபெருமாளுக்கு ஒரு காலை வழக்கம் ஏற்பட்டது. டீயைக் குடித்துவிட்டு, விதை மூட்டையில் போட்டிருந்த கம்பெனி நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போடுவார். கொஞ்சம் வாத்திய இசை வரும். பிறகு ஒரு பெண் குரல், தேன் தடவியதுபோல, "யுவர் கால் இஸ் இம்பார்ட்டன்ட் டு அஸ். ப்ளீஸ் ஸ்டே ஆன் த லைன்" என்று சொல்லும். மறுபடி இசை. இளையபெருமாள் விடமாட்டார். "ஏம்மா, நல்ல குடும்பத்துப் பொண்ணா இருக்கே, நீ ஒரு வார்த்தை உள்ள சொல்லக் கூடாதா? ஒன் மொதலாளி சோறு திங்கிறானா, மண்ணத் திங்கிறானா?" அந்தப் பெண் அதே தேனோடு அதையே சொல்லும். தெரு முழுக்க அந்த இங்கிலீஷ் மனப்பாடம்.

தமிழரசன் சாரின் வகுப்பில் ஒரு நாள் அதே தேன் தடவிய இங்கிலீஷ் வந்தது. கஸ்டமரிடம் பேசும் பாடம். "ஐ ஹியர் யூன்னா, உங்க வேதனை என் காதுல விழுதுன்னு அர்த்தம். வீ ஆர் இன் த சேம் போட்னா, நாம எல்லாம் ஒரே படகுல போறோம்னு அர்த்தம். ஐ வில் கெட் பேக் டு யூன்னா..."

"திரும்ப வரவே மாட்டேன்னு அர்த்தம்" என்றாள் எழில்மொழி.

சார் சிரிப்பை மாற்றாமலே அவளைப் பார்த்தார். "மார்க் போட்டா உனக்குத்தாம்மா முழு மார்க். ஆனா இன்டர்வியூல இதச் சொல்லாத."

ஒழுங்காகத்தான் படித்தாள். அதையும் சொல்லவேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டிருக்கும் நேரமெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி வாக்கியங்களை முணுமுணுப்பாள். அந்த கேட்டில் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் பிரெஞ்சும் சேர்த்தே கற்றுவிடலாம். "ஐ கோ த எக்ஸ்ட்ரா மைல். ஐ திங்க் அவுட்சைட் த பாக்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொல்வதைக் கேட்டு, பக்கத்து சீட்டு அம்மாள் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் என்னம்மா பண்ணேன்? தள்ளித்தானே ஒக்காந்திருக்கேன்."

ஆனி முடிவதற்குள் சாரே ஒரு இன்டர்வியூவைப் பிடித்துக் கொடுத்தார். பதவியின் பெயர் 'ஃபார்மர் ரிலேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ்'. தஞ்சாவூரிலேயே ஆபீஸ். கம்பெனியின் பெயரைச் சார் மூன்று இங்கிலீஷ் எழுத்தாகத்தான் சொன்னார். ரெஸ்யூமையும் அவரே திருத்தினார். "அப்பா பேரெல்லாம் இப்ப யாரும் போடறதில்ல, பழைய மாடல்" என்று இளையபெருமாளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'பாசிட்டிவ் ஆட்டிட்யூட்' என்று போட்டார்.

புறவழிச்சாலை ஓரத்துக் கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் போய் நின்றபோதுதான் எழில்மொழி அந்தப் படத்தைப் பார்த்தாள். வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் ஒரு விவசாயி. அதே ஆள். வீட்டு விதை மூட்டையில் இருப்பவன். அம்மா இப்போது அந்த மூட்டையைக் கிழித்து ஆட்டுக்கொட்டகையில் விரித்திருந்தாள். ஆடுகள் அவன் பல்மீதுதான் நிற்கும்.

திரும்பிவிடலாம் என்று கால் சொன்னது. கழிப்பறைக் கடிகாரம் டிக்டிக்கென்றது. கோபத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். அதாவது, விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

உள்ளே இரண்டு பேர். கழுத்தில் டை கட்டிய மேனேஜர் ஒருவர். லேப்டாப்புக்குப் பின்னால் கண் மட்டும் தெரிந்த எச்.ஆர். அம்மாள் ஒருவர். எல்லாம் வகுப்பில் சொன்னபடியே நடந்தது. உன் பலவீனம் என்ன என்றார்கள். "ஐ ஆம் எ பெர்ஃபெக்ஷனிஸ்ட்" என்றாள். ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பாய் என்றார்கள். "குரோயிங் வித் யுவர் கம்பெனி" என்றாள். பல்லும் தெரிந்தது. எச்.ஆர். அம்மாள் தலையாட்டினாள். வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தது.

"நவ், எ ஸ்மால் ரோல் ப்ளே" என்றார் டை கட்டியவர். "நான் ஒரு விவசாயி. கோபமா வந்திருக்கேன். நீங்க என்னைச் சமாதானப்படுத்தணும். ஓகே?" கால்மேல் கால் போட்டுக்கொண்டு, முகத்தைச் சற்றே சுளித்தார். "ஹலோ, ஐ ஆம் எ ஃபார்மர். யுவர் சீட் இஸ் நாட் குட். ஐ ஆம் வெரி டிஸப்பாயின்டட்."

"ஐ ஹியர் யூ, சார்" என்று தொடங்கினாள் எழில்மொழி. "வீ ஆர் இன் த..." படகு வரவில்லை. தொண்டையில் தரைதட்டி நின்றது.

"சார், நீங்க எந்த ஊரு விவசாயி?"

"ம்ம்... நன்னிலம்னு வெச்சுக்குவோமே."

"நன்னிலத்துல யாரும் டிஸப்பாயின்ட் ஆக மாட்டாங்க சார். நீங்க கம்பெனியா இருங்க. நான் விவசாயியா வர்றேன்."

அவர் சம்மதித்தார். பாவம், ஆர்வமாகவே சம்மதித்தார்.

எழில்மொழி எழுந்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "யோவ், யாருய்யா இங்க மேனேஜரு? ஒரே மூட்டை, ஒரே நாத்து, ஒரே நாளு நட்டது. பாதி பழுத்து நிக்கிது, பாதி பச்சையா நிக்கிது. எதய்யா அறுக்குறது, எதய்யா விடுறது? கேட்டா மண்ணுல கோளாறுங்கிற. எங்க பாட்டன் கூலிக்கு நட்டப்பவும் இதே மண்ணு, எங்கப்பன் குத்தகைக்கு நட்டப்பவும் இதே மண்ணு. ஒன் மூட்டை வந்த பெறவுதான் அதுக்குக் கோளாறு வந்துச்சா?"

"ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்..." என்றார் டை கட்டியவர், நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி.

"என்னத்த அண்டர்ஸ்டாண்டு? வெதைக்கிறப்ப வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு வரப்பு வரைக்கும் வந்து போட்டோ எடுத்தீங்க. அறுக்கிறப்ப எவன் வந்தான்? ஒரு பொம்பளையை மெஷினுக்குள்ள ஒக்கார வெச்சுப் பாட்டுப் பாட விட்டுட்டு, எங்கய்யா போனீங்க எல்லாரும்?"

 எச்.ஆர். அம்மாள் கைதட்டினாள். டை கட்டியவரும் தட்டினார்.

"அமேசிங்! நிஜ விவசாயி மாதிரியே இருந்துச்சு. அந்த ஸ்லாங் கூட! யூ ஆர் செலெக்டட். எப்ப ஜாயின் பண்றீங்க?" என்றார் அவர்.

 தமிழரசன் சார் வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை. வாழ்நாளில் அவள் கோபத்துக்கு அடி கிடைத்திருக்கிறது, திட்டு கிடைத்திருக்கிறது. கைதட்டல் இப்போதுதான். அது அடியைவிட வலித்தது.

"உங்க ஃபர்ஸ்ட் அசைன்மென்ட்டே ரெடியா இருக்கு" என்று எச்.ஆர். அம்மாள் லேப்டாப்பைத் திருப்பினாள். "ஒரு பெரியவர். டெய்லி கூப்புடுவார். நம்ம ரெக்கார்டட் வாய்ஸோடவே சண்டை போடுவார். லஞ்ச் டைம்ல எங்களுக்கு இதான் என்டர்டெயின்மென்ட். கேளுங்களேன்."

பொத்தானைத் தட்டினாள். லேப்டாப்பிலிருந்து இளையபெருமாள் பேசினார். "ஏம்மா, நல்ல குடும்பத்துப் பொண்ணா இருக்கே..."

டை கட்டியவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "இவர் நீடாமங்கலம் பக்கம். நீங்களும் அந்தப் பக்கம்தானே? இவரை மட்டும் சமாதானப்படுத்திட்டீங்கன்னா போதும்."

"முடியாது சார்."

"ஏன், ட்ரை பண்ணாமலே..."

"எனக்கே இந்தக் கோவம் அவர்கிட்டேருந்துதான் வந்துச்சு. எங்கப்பா."

சிரிப்பு நின்றது. லேப்டாப்பை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. "யுவர் கால் இஸ் இம்பார்ட்டன்ட் டு அஸ்" என்றது அந்தப் பெண் குரல்.

முதலில் தேறியது டை கட்டியவர்தான். "ஓ. வெரி சாரி. ஆக்சுவலி, இதுவும் ஒரு நல்ல ஆப்பர்ச்சூனிட்டிதான். ஃபேமிலி கனெக்ட்..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "வீ வில் கெட் பேக் டு யூ."

"அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும் சார்."

எழில்மொழி போகவில்லை. உட்கார்ந்தாள். நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, எங்க இருக்க?"

"வயல்ல. ஏன், வேலை கெடைச்சிட்டா?"

"அத விடு. நீ தெனம் திட்டுற ஆளு என் முன்னாடி ஒக்காந்திருக்காரு. மெஷின் இல்ல, மனுசன். கெளம்பி வா."

 அந்தப் பக்கம் வாத்திய இசை இல்லை. மோட்டார் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்.

"சட்டைய மாட்டிக்கிட்டு வர்றேன். அந்த ஆள விட்டுறாத. ரயில்வே கேட்டு போட்டிருப்பான், தொறந்ததும் வந்துடுறேன்."

டை கட்டியவர் கதவைப் பார்த்தார். கதவுக்கும் அவருக்கும் நடுவில் எழில்மொழி இருந்தாள். அவள் சிரித்தாள். தமிழரசன் சார் கேட்ட சிரிப்பு கடைசியில் வந்தேவிட்டது, பல்லெல்லாம் தெரிந்தது. கடிக்க வருவதுபோலவும் இருந்தது.

"ப்ளீஸ் ஸ்டே ஆன் த லைன், சார்" என்றாள். உச்சரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.